பேச்சுத் தேர்வில் கட்டம் இல்லாத ஒரு திறன்

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். கல்லூரிப் பேர் வேண்டாம், பல கல்லூரிகளில் நிலைமை இதுதான். 60 பேர், 3 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 3 நிமிஷம். அதற்குத் தோதாக எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த சுயஅறிமுகத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு, லட்சியம்.

கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு மாணவி மூன்றாவது வரியில் நின்றுபோனாள். என் கையிலிருந்த தாளில் உச்சரிப்பு, இலக்கணம், உடல்மொழி, தன்னம்பிக்கை என்று நான்கு கட்டங்கள். நான்கிலும் குறைவாகத்தான் போட முடிந்தது.

அவள் பயம் தெளியட்டும் என்று தமிழில், "வீட்டுல என்னம்மா பயிர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "மரவள்ளி சார்" என்று ஆரம்பித்தாள். கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போட மாட்டாங்க, மாவுச்சத்தையும் பார்ப்பாங்க, அதுக்குப் 'பாயிண்ட்'னு பேரு. எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "கரும்பு மாதிரி நினைச்சுக்கோங்க சார். எடை ஒண்ணுதான், ஆனா ஒண்ணுல இனிப்பு கூட இருக்கும், ஒண்ணுல கம்மியா இருக்கும்."

எதிரில் இருப்பவனுக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்து, வேறு வழியில் சொல்லிப் பார்ப்பது. பேச்சுத்திறன் என்றால் முதலில் இதுதானே? என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

'அவள் பேசியது தமிழ், தேர்வு ஆங்கிலத்துக்கு' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கிலத் தேர்வு என்றாலும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு ஆளுக்கு 11 முதல் 14 நிமிஷம் நடக்கும். உச்சரிப்புக்கு மதிப்பெண்ணில் கால் பங்குதான். கடைசிப் பகுதி உரையாடல். தேர்வாளர் கேட்கக் கேட்க யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், ஒப்பிக்க முடியாது. நாமோ 3 நிமிஷத்தில் ஒப்பித்தலை அளந்துவிட்டு, அதற்குத் தொடர்புத்திறன் என்று பேர் வைக்கிறோம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. பகுதி ஒன்று தமிழ்த்தாள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுதான். தமிழில் ஒரு விஷயத்தை விளக்கு, மறுத்துப் பேசு, கேள்வி கேள் என்று எந்த மதிப்பெண்ணும் கேட்பதில்லை. பேச்சு என்றாலே ஆங்கில ஆய்வகத்தின் சொத்து என்றாகிவிட்டது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் வேலைவாய்ப்புக்கான ஆங்கிலத்தில் கவனம் வைக்கிறது. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்க வேண்டும். அங்கே எழுந்து நின்று ரோட்டையும் பஸ்ஸையும் கேட்பதற்கு எந்தப் பாடத்தில் பயிற்சி?

கல்வராயன் மலையாளிப் பழங்குடிகள் பேசுவதும் தமிழ்தான், கீழ்நாட்டார் காதுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி விழும். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை எங்களுக்காகத் தன் பேச்சை ஏற்கெனவே மாற்றித்தான் பேசுகிறது. அந்த உழைப்பை நாம் 'தயக்கம்' என்று குறித்துக்கொள்கிறோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நேரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் இருக்கிற 3 மணி நேரத்திலேயே ஒன்று செய்யலாம். மூன்று மூன்று பேராக 9 நிமிஷம் உட்கார வையுங்கள். மொத்த நேரம் அதேதான். ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையை எளிய ஆங்கிலத்தில் விளக்கட்டும், மற்ற இருவரும் கேள்வி கேட்கட்டும், பிறகு இடம் மாறட்டும். கேட்டதற்கும், திருப்பிச் சொன்னதற்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

அன்று அவளுக்குப் போட்ட மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. தாளில் இருந்த நான்கு கட்டங்களுக்கு அது சரியான மதிப்பெண்தான். அந்தத் தாளைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.