பேச மறுக்கும் விளையாட்டு: பள்ளி மடிக்கணினியில் ஜிகாம்ப்ரியின் ஒலி

களியக்காவிளையில் எல்லையைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை, அமரவிளை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழ்ப் பக்கம் வந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் இந்த எல்லையோரக் கிராமங்களில் இன்றும் உண்டு. அவர்களுடைய பள்ளி மடிக்கணினிகளில் ஓடுவது கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரித்துத் தரும் குனு/லினக்ஸ். சின்ன வகுப்புகளுக்கு அதில் பொருத்தமான ஒரு விளையாட்டுத் தொகுப்பு ஜிகாம்ப்ரி. 2000இல் பிரான்சில் தொடங்கியது. பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் ‘புரிந்துவிட்டது’ என்று பொருள்படும். நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் கொண்ட அந்தத் தொகுப்பின் ஒலியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். காரணம், ‘சத்தம் வரவில்லை’ என்ற ஒரே புகாரின் கீழ் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரும் கெடவில்லை, விளையாட்டும் கெடவில்லை. ஒலி வழிமாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். எங்கே மாறியது என்பதைத் திரையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

ஒலி இல்லாவிட்டால் என்ன, படம்தான் ஓடுகிறதே என்று கேட்பவர்களுக்கு எழுத்துப் பயிற்சியையே காட்டலாம். ஒரு ரயில் நிற்கிறது. பெட்டிக்கு ஓர் எழுத்து. விளையாட்டு ஓர் எழுத்தைச் சொல்கிறது. கேட்ட பிள்ளை அந்த எழுத்துள்ள பெட்டியைச் சொடுக்க வேண்டும். தமிழில் ‘க’ ஒன்றுதான். ‘கடல்’ என்னும்போது ஒரு விதமாகவும் ‘தங்கம்’ என்னும்போது வேறு விதமாகவும் அது ஒலிக்கும்; இடத்தைப் பார்த்து நாக்கு தானாக மாற்றிக்கொள்ளும், எழுத்து மாறாது. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். தமிழ் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த நான்கு ஒலிகளையும் பிரித்தறியக் கண் உதவாது, காதுதான் உதவும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து முறை சொல்லிக்காட்ட முடியாது, கணினி சலிக்காமல் சொல்லும். ஆகவே இந்த விளையாட்டில் குரல்தான் பாடம்.

இப்போது மௌனத்துக்கு வருவோம். முதல் வகை மௌனம் ஆபத்தானது, ஏனென்றால் அது கோளாறு போலவே தெரியாது. ஜிகாம்ப்ரி ஒவ்வொரு மொழியின் குரலையும் தனிக் கோப்பாக வைத்திருக்கிறது. நிரலோடு அது வராமல் போகலாம். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இணையம் இல்லாத ஆய்வகத்தில் நிறுவினால் படம் வரும், மணியோசை வரும், குரல் மட்டும் வராது. அப்போது ரயில் பயிற்சி என்ன செய்கிறது? சொல்ல வேண்டிய எழுத்தைத் திரையிலேயே எழுதிக்காட்டிவிடுகிறது. பிள்ளை அந்த வடிவத்தைப் பார்த்து, அதே வடிவமுள்ள பெட்டியைத் தேடிச் சொடுக்குகிறது, விளையாட்டும் பாராட்டுகிறது. கேட்டுப் பழக வேண்டிய பயிற்சி பார்த்துப் பொருத்தும் பயிற்சியாக மாறிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. எனவே எழுத்து திரையில் தெரிந்தால் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, குரல் என்ற தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். குரல், ஒலிக்குறிப்பு, பின்னணி இசை மூன்றுக்கும் அங்கே தனித்தனித் தேர்வுகள் உண்டு. மொழி இருக்கும் இடத்தில் அம்மொழிக்கான குரல் ஏற்றப்பட்டிருக்கிறதா இல்லையா என்றும் எழுதியிருக்கும். இல்லையென்றால் ஒரே ஒரு முறை இணையத்தோடு இணைத்து இறக்கினால் போதும். அதே பதிப்பு உள்ள மற்ற கணினிகளுக்கு அந்தக் கோப்பைப் பென்டிரைவிலேயே கொண்டுபோய்விடலாம்.

இரண்டாம் வகை மௌனத்தில் திரையில் எழுத்து வராது. விளையாட்டு, தான் பேசிவிட்டதாக நினைத்துப் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்கும். இங்கே ஒலி உண்மையிலேயே புறப்பட்டிருக்கிறது. போன இடம்தான் தவறு. கேரளம் 2020 அக்டோபர் 12 அன்று தன் பொதுப்பள்ளிகள் முழுவதும் டிஜிட்டல் ஆனதாக அறிவித்தபோது, மடிக்கணினிகளோடும் புரொஜெக்டர்களோடும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யுஎஸ்பி ஸ்பீக்கர்களும் பள்ளிகளுக்குப் போயிருந்தன. யுஎஸ்பி ஸ்பீக்கர் என்பது வெறும் ஸ்பீக்கர் அல்ல, அதற்குள்ளேயே ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் புரொஜெக்டரைச் செருகினால் அது இன்னொரு ஒலி வாசல். மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கர் மூன்றாவது. ஆக, ஒரு வகுப்பறை மேசையில் மூன்று வாசல்கள். ஒலி ஏதாவது ஒன்றில்தான் வெளியேறும். புரொஜெக்டரைச் செருகியதும் ஒலி அதற்குள் போய், அதில் ஸ்பீக்கர் இல்லாததால் அங்கேயே அடங்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய் அவுட்புட் என்ற இடத்தில் யுஎஸ்பி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டால் அந்த வாசல் நலம். அப்படியும் ஜிகாம்ப்ரி மட்டும் ஊமையாக இருந்தால், ஒலியை வாசல்களுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ என்ற நிரலின் ஞாபகசக்தியைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு நிரலும் கடைசியாக எந்த வாசலில், எந்த அளவில் ஒலித்தது, மியூட் ஆகியிருந்ததா என்பதை அது குறித்துவைத்துக்கொள்கிறது. போன மாதம் யாரோ அந்த விளையாட்டை மட்டும் மியூட் செய்திருந்தால், இன்றும் அது மியூட்தான். மொத்த வால்யூமை நூறுக்கு ஏற்றினாலும் பயனில்லை. இதற்கு என் பரிந்துரை பாவுகன்ட்ரோல் என்ற சிறு கருவி. விளையாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்தால், பிளேபேக் பக்கத்தில் அந்த நிரலின் பெயரும், அருகே ஒலிக்கேற்ப ஆடும் ஒரு பட்டையும், அது எந்த வாசலுக்குப் போகிறது என்ற தேர்வும் தெரியும். பட்டை ஆடுகிறது, காதுக்குக் கேட்கவில்லை என்றால் தவறு பட்டைக்கு அப்பால். அங்கே மியூட்டும் இல்லாமல் பட்டையே ஆடவில்லை என்றால் தவறு விளையாட்டுக்குள். மருத்துவர் மார்பில் வைக்கும் ஸ்டெதஸ்கோப்பின் வேலை இது.

மூன்றாவது, அரைகுறை ஒலி. சற்று நேரம் ஒலி இல்லாவிட்டால் கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒலி வாசலைத் தூங்கவைக்கிறது. சில ஸ்பீக்கர்கள் விழித்தெழத் தாமதிப்பதால் முதல் துண்டு விழுங்கப்படுகிறது. பாட்டில் இது தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் உச்சரிப்பு ஒரு நொடிகூட இல்லை. தலை போனால் ‘ப’ என்பது ‘அ’ என்று கேட்கும். பின்னணி இசையைத் தாழ்ந்த அளவில் ஓடவிட்டால் வாசல் தூங்காது, அதுவே எளிய பரிகாரம். புளூடூத் ஸ்பீக்கரில் சொடுக்குக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி விழும். ஸ்வரங்களைக் கேட்டுத் திருப்பி வாசிக்கும் பயிற்சிக்கு அது ஆகாது. கம்பி இணைப்பே நல்லது. குரு பாட, சீடர் கேட்டுத் திருப்பிப் பாடும் முறையில் வளர்ந்த இசை இந்த மண்ணுக்குச் சொந்தமானது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006இல் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள். பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனின் பெயரிலும் ஊர் இருக்கிறது. கேட்டுக் கற்பதன் மதிப்பை இங்குள்ளவர்களுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

‘இவ்வளவு ஆராய்வதைவிட ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டுவிடலாமே’ என்பது வழக்கமான மறுப்பு. சில நேரம் அதில் சத்தம் திரும்புவது உண்மை. பழைய மியூட் குறிப்பும் அழிந்துபோவதே காரணம். ஆனால் அதோடு இறக்கிவைத்த குரல் கோப்பும் அழிகிறது. இரண்டாம் வகை மௌனத்தைத் தீர்க்கப் போய் முதல் வகையை வரவழைத்துக்கொள்கிறோம். விண்டோஸ் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்ற இன்னொரு வாதம் வலுவானது போலத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பழைய விளையாட்டுகள் டைரக்ட்சவுண்ட் வழியாகச் சவுண்ட் கார்டை நேரே பயன்படுத்திய பாதையை அடைத்துவிட்டது. அறையின் எதிரொலி, பின்னாலிருந்து வரும் காலடி என்று ஈஏஎக்ஸ் நுட்பத்தில் ஒலித்த விளையாட்டுகள் ஒரே நாளில் சப்பென்று ஆயின. கிரியேட்டிவ் நிறுவனம் ஆல்கெமி என்ற தனி மென்பொருளைக் கொடுத்து அந்த ஒலியை ஓப்பன்ஏஎல் வழியாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. நிரலுக்கு நிரல் வால்யூமைத் தனியாக நினைவில் வைக்கும் வழக்கமும், எச்டிஎம்ஐ செருகினால் ஒலி தாவும் வழக்கமும் விண்டோஸிலும் இருக்கின்றன. ஓஎஸ் மாறினாலும் ஒலி வாசல்களின் எண்ணிக்கை குறையாது.

ஜிகாம்ப்ரிக்கு என் தீர்ப்பு இது: பிள்ளைகளுக்கு ஏற்ற, விளம்பரமில்லாத, இலவசமான நல்ல தொகுப்பு, அதன் ஒலி கேட்க இனிமை, ஆனால் ஒலி இல்லாதபோது அதை உரக்கச் சொல்வதில்லை. குரல் கோப்பு இல்லை என்ற செய்தி அமைப்புப் பக்கத்தின் உள்ளே கிடக்காமல் பயிற்சியின் முகப்பிலேயே தெரிய வேண்டும். எந்த வாசலில் ஒலிக்கிறேன் என்று விளையாட்டே காட்டினால் பாதிப் புகார்கள் எழவே எழா. அந்த மாற்றம் வரும்வரை, 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் லிட்டில் கைட்ஸ் கணினிக் குழு மாணவர்களிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பென்டிரைவோடு போய்வர அவர்களுக்கு அரை நாள் போதும். புதிய ஸ்பீக்கர் கேட்டுக் கடிதம் எழுதும் முன்பு, ரயில் பயிற்சியைத் திறந்து, திரையில் எழுத்து தெரிகிறதா என்று ஆசிரியர்கள் தயவுசெய்து ஒரு முறை பாருங்கள்.