செஞ்சிக் கதைப்பாடலும் விடப்பட்ட மணமகளும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசுவோர் தேசிங்கு ராசனை மறப்பதில்லை. ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கானுக்குப் பணிய மறுத்து, சிறு படையுடன் எதிர்த்து நின்று, 1714-இல் களத்தில் மாண்ட இளைஞன் அவன். அவன் பெயரால் வழங்கும் கதைப்பாடலில் நம் சமுதாயத்தார் பெருமை கொள்வதற்குக் காரணம், அவனுடைய உயிர் நண்பன் மகமத்கான். மணக்கோலத்தில் இருந்தவன், அழைப்பு வந்ததும் குதிரையேறிப் புறப்பட்டான். நண்பனுக்காகவே உயிர் துறந்தான். எதிரே நின்றதோ நவாபின் படை. நட்பு மதத்தைக் கடந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இப்பாராட்டு முறையானதே. ஆயினும், இக்கதையில் பெண்களுக்குக் கிடைத்த இடம் யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். தேசிங்கின் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறினாள்; தீயில் மாய்ந்ததே அவளுடைய வீரமாயிற்று. ராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்தது என்பர். மகமத்கானின் மணமகளுக்கோ அத்தகைய நினைவும் இல்லை. அவன் தியாகத்தைப் புகழும் நாம், அவள் இழப்பைப் பற்றிப் பேசுவதில்லை. மணமகளின் சம்மதத்தைக் கேட்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது தகுமா?

விடப்பட்ட பெண் அழுது தேய்வாள், அன்றேல் மாய்வாள் என்பது பாடல்கள் வளர்த்த எண்ணம். வரலாறு வேறு கூறுகிறது. உஹது களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காத்துப் போரிட்டவர் உம்மு உமாரா (ரலி). 1856-இல் அயோத்தி மன்னர் வாஜித் அலி ஷா அரசிழந்து கல்கத்தா சென்றபோது லக்னோவிலேயே விடப்பட்டவர் பேகம் ஹஸ்ரத் மஹல். மறு ஆண்டு எழுந்த புரட்சியில் தம் இளமைந்தனை அரியணையேற்றி, ஆங்கிலேயரை எதிர்த்து நின்றார். விக்டோரியா அரசியின் 1858-ஆம் ஆண்டுப் பிரகடனத்துக்கு மறுப்பும் வெளியிட்டார். இளமையிலேயே கைம்மை எய்தி, அலி சகோதரர்களை வளர்த்த பீ அம்மா, 1917-இல் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் புர்கா அணிந்தவாறே உரையாற்றினார்.

தமிழிலும் அக்குரல் எழுந்தது. பள்ளியில் மூன்றாம் வகுப்பே பயின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் நாவல் வெளியிட்டார். ‘காதலா? கடமையா?’ என்பது அதன் பெயர். மகமத்கான் முன் நின்ற வினாவும் அதுவே. அவ்வினாவைத் தமிழில் நூற்பெயராக்கியவர் ஒரு முஸ்லிம் பெண் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

பெண்ணுரிமை பேசும் இந்நாளில், செஞ்சியின் கதையை அம்மணமகளின் வாய்மொழியாக எழுத நம் சகோதரியருள் ஒருவர் முன்வருதல் வேண்டும். நண்பனின் புகழ் அதனால் குறையாது. அவன் எதை விட்டுச் சென்றான் என்பது அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கும்.