தலையிடியில் தொடங்கும் கதை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியதைச் சொல்லும் நமது கதைகள், பெரும்பாலும் புத்தளம் வந்து சேர்ந்ததோடு முடிந்துவிடுகின்றன. விட்டுவந்த வீடும் கிணறும் பள்ளிவாசலும் அவற்றில் உண்டு. அதன் பின் கழிந்த வருடங்கள் மனதை என்ன செய்தன என்பதுதான் இல்லை.

மனம் நொந்தவரைக் காட்ட நேர்ந்தாலும், கதாசிரியர்கள் அவரை அலறவோ பிதற்றவோ விடுகிறார்கள். நிலைமை வேறு. புத்தளம் மாவட்டத்தில் வாழும் இம்மக்களுள் 450 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வொன்றில், 18.8 வீதமானோரிடம் உளப் பாதிப்புக் காணப்பட்டது. நாம் எழுதும் அதிர்ச்சியின் பின்னரான மனவடு 2.4 வீதமே. உடற்காரணம் பிடிபடாத வலியும் உபாதையும் 14 வீதம். அலறாமல், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும் துயரம் இது.

உம்மாவின் தீராத தலையிடிக்கு ஓதிப் பார்க்கிறோம், பனடோல் கொடுக்கிறோம். ‘எப்போதிருந்து உம்மா?’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பதில்லை. உளவளத்துணையாளர் செய்யும் முதல் வேலை அதுதான். எழுத்தாளருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். தலையிடியில் தொடங்கும் அந்தக் கதையை நம்மவர் யாராவது எழுதட்டும்.