அநுபவமும் சிருஷ்டியும்

எழுத்தாளன் தன் சொந்த அநுபவத்தையே எழுதவேண்டும் என்ற கூற்று நம்மிடையே ஒரு மந்திரம்போல் ஓதப்பட்டு வருகிறது. ஆனால், அநுபவமில்லாத மனிதன் உலகில் இல்லை. அவ்வாறாயின் எல்லோருடைய எழுத்தும் வாசகன் நெஞ்சைத் தொடாதது ஏன்? இக்கேள்விக்கு விடைகாண நாம் பிற நாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. ஈழத்து இலக்கிய வரலாறே போதிய சான்று தரும்.

டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலாளியாக வாழ்ந்தவர் அவர். 1960இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. மக்களின் பேச்சுமொழியை இலக்கியத்தில் கையாண்டோரை, 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் இகழ்ந்த காலம் அது. ஒடுக்கப்பட்டோருக்குக் கிணற்றில் நீரள்ளும் உரிமையையே மறுத்திருந்த சமூகத்தில் அந்நூலின் தலைப்பே ஒரு குற்றப்பத்திரிகை எனலாம். ஜீவா தம் அவமானத்தை மட்டும் எழுதியிருந்தால் வாசகன் இரங்கியிருப்பான், இரங்கிவிட்டு மறந்துமிருப்பான். அவரோ, தமக்கு நேர்ந்தது தம்மைப் போன்ற பல்லாயிரவருக்கும் நேர்வதென்பதையும், அதனை நேரவைக்கும் சமூக அமைப்பையும் கண்டார். அதனாலேயே சலூன் கதிரையில் அமர்ந்து சவரம் செய்துகொண்டவனும் அக்கதைகளில் தன் முகத்தைக் காணவேண்டியதாயிற்று.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் சமவுரிமை கோரி நடந்த போராட்டங்களில் முன்னணியில் நின்றவர் டானியல். 1968ஆம் ஆண்டின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் அக்காலத்தது. ஆகவே அந்நாவல் ஏட்டுப் படிப்பில் விளைந்ததன்று. எனினும் ஒன்றைக் கூறாதுவிடல் நேர்மையாகாது. அதன் சில இடங்களில் பாத்திரங்கள் ஒதுங்கிநிற்க, ஆசிரியரின் கொள்கையே முன்வந்து பேசுகிறது. அவ்விடங்களில் வாசகன் கருத்தோடு உடன்படுகிறான், பாத்திரத்தோடு வாழ்வதில்லை. நேரடி அநுபவம் பெற்றவருக்கே இந்த இடர் நேருமாயின், கொள்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியைப்பற்றி எழுதுவோர் நிலை என்னாகும்?

ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' பிற்காலத்தில் கொழும்புக்கே வந்து சேர்ந்தது. நாமும் கொழும்புக்கு வருவோம். 'நான் வாழும் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மாணவன் பச்சை வயலையும் ஆலமரத்தையும் வருணிக்கிறான். இதனை என் வகுப்பில் ஆண்டுதோறும் காண்கிறேன். அவன் ஒழுங்கையிலுள்ள பொதுக்குழாயும், துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்லும் தந்தையும் இலக்கியத்துக்கு உரியவையல்ல என்று யாரோ அவனுக்குக் கற்பித்துவிட்டனர். மாணவனைக் குறைகூறிப் பயனில்லை. நம் எழுத்தாளர் பலரும் இதையே செய்கின்றனர்.

2007 ஜூன் 7ஆந் தேதி, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது. இச்செய்தி பத்திரிகைகளில் உண்டு. நீதிமன்ற ஏடுகளிலும் உண்டு. ஆயின், அம்மனிதர் அச்சிறு பொழுதில் எதைப் பையில் எடுத்துவைத்தனர், எதை விட்டுச்சென்றனர் என்பதை இலக்கியமே சொல்லவேண்டும். அதைச் சொல்பவன் அந்த அறையில் இருந்தவனாகத்தான் இருக்கவேண்டுமா? அடுத்த வீட்டு யன்னலைப் பாதி சாத்திக்கொண்டு பார்த்து நின்றவனுக்கும் ஓர் அநுபவம் உண்டு. அச்சமும், தனக்கு நேரவில்லையே என்ற ஆறுதலும், அந்த ஆறுதல் தந்த வெட்கமும் கலந்த அநுபவம் அது. பாதிக்கப்பட்டவன் குரலைக் கடன்வாங்கிப் பேசுவதைவிட அதனை உள்ளவாறு எழுதுவதே நேர்மையான காரியம்.

வாசகருள் பெரும்பாலோர் யன்னலுக்குப் பின்னால் நின்றவர்களே. அவர்கள் நெஞ்சைத் தொடவும், அதற்குமேல் அந்த யன்னலைத் திறக்கச் செய்யவும் வல்லது அத்தகைய எழுத்து. இளம் எழுத்தாளர் தத்தம் தெருவிலிருந்தே தொடங்கட்டும்.