தடிப்பும் அகலமும்: தமிழ்க் காட்சி எழுத்துருவில் வேறுபாட்டுக் கூறுகள்

1579-ஆம் ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. எனினும் கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் 1578-இல் வார்த்தவற்றையும் தன் இறுதிப் பக்கத்தில் தனித்தனியே காட்டுகிறது. எழுத்துருவை ஒப்புநோக்கும் வழக்கம் தமிழ் அச்சோடு உடன்பிறந்தது எனலாம்.

மும்பை ‘ஏக் டைப்’ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ‘அனேக்’ தொகுதி இவ்வகை ஒப்பீட்டுக்கு ஏற்றது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட ஒன்பது இந்திய வரிவடிவங்களும் இலத்தீனும் அதில் ஒரே அளவுகோலில் அமைந்துள்ளன. தடிப்பு 100 முதல் 800 வரையும், அகலம் 75 முதல் 125 வரையும் மாறும். இதன் தடித்து விரிந்த முனை, நோவரேசேயின் ‘யூரோஸ்டைல்’ (1962) முதலான ஐரோப்பிய அகல எழுத்துகளை நினைவூட்டுகிறது.

ஆனால் அகலம் என்பது எல்லா வரிவடிவத்துக்கும் ஒரே பொருள் தருவதா? மலையாளத்தில் டகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து முழுவட்டம். வடிவியல் எழுத்துரு அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. தமிழில் அத்தகைய மெய்யெழுத்து இல்லை. ட, ப ஆகியன நேர்கோட்டாலும் மூலையாலும் ஆனவை. இவற்றை விரிப்பதால் இழப்பு இல்லை. சுழி எழுத்துகளுக்கோ ஆதாயமே உண்டு. மூன்றுசுழி ணகரமும் இரண்டுசுழி னகரமும் தடிக்கும்போது சுழிகள் அடைபட்டு, மணம், மனம் என்னும் இணை மயங்குகிறது. அவ்விடத்தில் அகலம் அலங்காரமன்று. தடிப்பு விளைக்கும் கேட்டுக்கு மருந்து. தமிழில் தடித்த எழுத்தை ஒடுக்குவதைவிட விரிப்பதே மொழியியல் நோக்கில் முறையானது என்பது என் துணிபு.

எனினும் இம்மருந்து ஓரளவே பயன்படும். விடு, வீடு என்பவற்றைப் பிரிப்பது மேல்விலங்கின் சுழி. எடு, ஏடு என்பவற்றைப் பிரிப்பது அடியிலுள்ள சிறு கோடு. கெடு, கேடு என்பவற்றைப் பிரிப்பது கொம்பின் மேற்சுழி. இவையாவும் மேலும் கீழும் இடம் வேண்டுபவை. பக்கவாட்டில் எவ்வளவு விரித்தாலும் இவற்றுக்குப் பெரும்பயன் இல்லை. ரகரத்தின் கீழ்க்காலும் அத்தகையதே. அதனைக் குறைத்துவிட்டால் ரகரமும் துணைக்காலும் ஒன்றாகி, ஓலைச்சுவடியின் பழைய மயக்கம் சுவரொட்டியில் மீண்டும் தோன்றும். (1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் லை, ணை முதலியவற்றின் மேலெழும் துதிக்கையை நீக்கி அவற்றைக் கிடைமட்டமாக்கியது, அறிந்தோ அறியாமலோ அகல எழுத்துருவுக்கு அது வழிசெய்தது.)

தொடர்நடையில் இம்மயக்கங்களைச் சூழல் தீர்த்துவிடும். நூலின் தலைப்பிலோ அறிவிப்புப் பலகையிலோ சூழல் இல்லை; தன் நூலுக்கு ‘ஏடு’ எனப் பெயரிடும் மொழிபெயர்ப்பாளர் அதன் அட்டையில் ‘எடு’ என்பதைக் காண நேரலாம். ஆகவே தமிழ்க் காட்சி எழுத்துருவுக்கு அகலம், தடிப்பு என்னும் இரண்டு அளவைகள் போதா. மேற்குறி, அடிக்குறி ஆகியவற்றின் உயரத்தைத் தடிப்புக்கேற்ப வளர்க்கும் மூன்றாவது அளவை ஒன்றும் வேண்டும். மேலே காட்டிய குறைந்தபட்ச இணைகளைக் கொண்டு, மிகத் தடித்த நிலையிலேயே அதனைச் சோதித்தறிதல் வேண்டும்.