ரீடிங் நல்லாத்தானே இருக்கு?

உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக சிபாப் இயந்திரத்தோடு உறங்கத் தொடங்கியவர் மறுபரிசோதனைக்குப் போனால், பேச்சு பெரும்பாலும் இரண்டு எண்களில் முடிந்துவிடும். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது, இரவில் எவ்வளவு நேரம் மாஸ்க் முகத்தில் இருந்தது. முதலாவது 5-க்குக் கீழ், இரண்டாவது 4 மணி நேரத்துக்கு மேல் என்றால் சிகிச்சை பலிக்கிறது என்று பொருள். “பகல் முழுக்க அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கே, டாக்டர்” என்று அவர் இழுத்தால், “ரீடிங் நல்லாத்தானே இருக்கு” என்பதே பதில்.

அந்த எண்களை எள்ளி ஒதுக்க முடியாது. உறக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தடுக்கலாம் என்று சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981-இல் காட்டியது. ஆனால் எவ்வளவு நேரம் மாஸ்க் போட்டார் என்பதற்குத் தொடக்கத்தில் நோயாளி சொன்னதுதான் கணக்கு. விடிய விடியப் போட்டிருந்ததாக மனமார நம்புகிறவர், அரைத்தூக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருப்பார். 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில் இயந்திரம் தரப்பட்டவர்களின் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான். அசதிக்கான முதல் காரணத்தை, அதாவது போதாத பயன்பாட்டை, இயந்திரத்தின் பதிவுதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் 4 மணி நேரம் என்ற அந்தக் கோடு எதற்கானது? அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, 30 நாளில் 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம் போட்டவருக்கே தொடர்ந்து பணம் தருகிறது. காப்பீட்டுக்கு வசதியான அந்த அளவு, உடம்பு தெளிவதற்கும் போதும் என்றாகிவிட்டது. டெர்ரி வீவர் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தூக்கக் கலக்கம் குறைந்ததாக நோயாளி உணர 4 மணி நேரம் போதும். ஆய்வகச் சோதனையில் அது தெரிய 6. அன்றாடக் காரியங்கள் சீராக 7.5. பாஸ் மார்க் வாங்கியவரை நூற்றுக்கு நூறு வாங்கியவராக நடத்துகிறோம்.

இன்னொன்றும் உண்டு. கனவு மிகுந்த உறக்கம் இரவின் பின்பாதியில்தான் திரள்கிறது; தொண்டைத் தசைகள் மிகவும் தளர்வதும் அந்த உறக்கத்தில்தான். 11 மணிக்கு மாட்டி 3 மணிக்குக் கழற்றுபவர், மூச்சு அதிகம் அடைபடும் நேரத்தைக் காவலின்றி விடுகிறார். மாஸ்க் இருந்த நேரத்துக்குத்தான் இயந்திரம் கணக்கு வைக்கும் என்பதால் ரீடிங் அழகாகவே இருக்கும்.

இயந்திரம் அளப்பதும் காற்றோட்டத்தைத்தான். மூளை உறங்குகிறதா, விழித்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மாஸ்க் கசிவால் நொடிக்கொரு விழிப்பு வந்தாலும், காலுதறல் உறக்கத்தைக் கலைத்தாலும் மூச்சுத்தடை எண் அசையாது. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி இயந்திரத்தை, 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரையிலான தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டால், அழுத்தம் ஏறி இறங்குவதே சிலரை எழுப்பும்.

இயந்திரத்துக்கு வெளியே இருப்பவை இதைவிடச் சாதாரணம்: ரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சளிக்கென்று விழுங்கும் மாத்திரை, ஐந்து மணி நேரமே படுக்கிற பழக்கம். ஸ்லீப் ஆப்னியா என்று பெயர் சூட்டியபின் இவற்றைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ரீடிங்கை மட்டும் பார்க்கும் இந்த முறைக்கு இருக்கும் பெரிய குறை இதுதான் என்பேன். நோயாளியின் சொந்த வைத்தியமும் உதவுவதில்லை. மாலைக் காபி இரவைக் கெடுக்கிறது, மாஸ்க் இல்லாத மதியத் தூக்கத்தில் அடைப்பு திரும்பி வருகிறது.

எல்லாம் பார்த்தும் தீராத தூக்கம் சிலருக்கு மிஞ்சும். 2009-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், சிகிச்சையில் இருந்தவர்களில் 12 சதவீதத்தினருக்கு அது இருந்தது. வேறு காரணம் உள்ளவர்களைக் கழித்தால் 6. இவர்களுக்கு மொடாஃபினில் போன்ற விழிப்பு மருந்துகள் உண்டு. தெம்பு வந்ததும் மாஸ்க்கை மூலையில் போட்டுவிடும் ஆபத்தும் கூடவே உண்டு, ஏனென்றால் மருந்து மூச்சடைப்பைத் தொடுவதில்லை. ரீடிங் நன்றாக இருந்தும் ஸ்டியரிங்கில் கண் அயரும் ஓட்டுநரை, காரணம் தெரியும்வரை வண்டியில் ஏற்றக் கூடாது.