ஆள் இல்லாத தெரு

பழைய டெல்லியைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் ஒரே யோசனை சொல்வார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போயிடுங்க சார். கடை திறக்காது, கூட்டம் இருக்காது. ஃப்ரேம் க்ளீனா வரும்.’

போனேன். க்ளீனாகத்தான் வந்தது. கல்லில் செதுக்கிய வாசல் வளைவு, சாயம் உரிந்த நீலக் கதவு, பூட்டிய ஷட்டர், ஒரு பூனை. ஊருக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எல்லாமே வேறு யாரோ எடுத்த படம் மாதிரி இருந்தது. இன்டர்நெட்டில் தேடினேன். நிஜமாகவே எடுத்திருந்தார்கள். அதே கதவு. பூனை மட்டும் வேறு.

அன்றிலிருந்து இந்த ‘க்ளீன்’ என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு ஊரில் மனிதர்கள் இருப்பது எப்போதிலிருந்து அழுக்கு?

ஷாஜஹான் 1639-ல் கட்ட ஆரம்பித்த நகரம் அது. சுற்றி இருந்த மதிலில் பெரும்பகுதி போய், காஷ்மீரி, அஜ்மீரி, துர்க்மான், டெல்லி என்று சில வாசல்கள் மிச்சம் நிற்கின்றன. அதைப் பெரிய அளவில் படம் பிடித்த ஆரம்பகாலக் கேமராக்காரர்களில் ஒருவர் ஃபெலிஸ் பியாட்டோ. 1858-ல் வந்தார். ஜும்மா மசூதி மினாரில் ஏறி, நகரத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, நீண்ட பனோரமா ஆக்கினார். கூரைக்கு மேல் கூரையாக ஊர் விரிகிறது. பிரமாதமான படம். ஒரே அமைதி.

அந்த உயரத்திலிருந்து ஆட்கள் தெரியமாட்டார்கள். அந்தக் காலத்துக் கேமராவில் நடக்கிறவர் சரியாகப் பதியவும் மாட்டார். ரெண்டும் சரி. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை ஊரைத் திரும்பப் பிடித்ததும், குடியிருந்தவர்களை மதிலுக்கு வெளியே துரத்தியது. இந்துக்களை முதலில் உள்ளே விட்டார்கள். முஸ்லிம்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜும்மா மசூதி தொழுகைக்குத் திரும்பக் கிடைத்தது 1862-ல்தான். கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகள், கடைகள், அக்பராபாதி மசூதி எல்லாம் இடிபட்டன. பல்லிமாரானில் குடியிருந்த கவிஞர் காலிப் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதிப் புலம்பினார்.

இது தெரிந்த பிறகு பியாட்டோவின் அமைதியை அழகு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இதே ஆள்தான் லக்னோவில், சிக்கந்தர் பாக் முற்றத்தில் எலும்புகளைப் பரப்பவைத்துப் படம் எடுத்ததாகச் சொல்லப்படுகிறவர். எங்கே எது தெரியவேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில் ரகு ராய். படித்தது சிவில் இன்ஜினீயரிங். கட்டடத்தைப் பார்த்திருக்க வேண்டியவர், வண்டியைப் பார்த்தார். 1964-ல் சாவ்ரி பஜாரில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வண்டியும் மாடும் மனிதருமாக ஒரு தெரு முழுக்க மாட்டிக்கொண்டு நிற்கிறது. மசூதி, மாளிகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊர் எதற்காக இருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். சரக்கு போகணும், வரணும். அதற்குத்தான் அத்தனை சந்தும்.

கூட்டத்தை எடுத்துவிட்டால் மட்டும் புண்ணியம் கிடைத்துவிடாது. ரகு ராயைப் பார்த்துக் கெட்டுப்போனவர்களும் ஏராளம். காரி பாவ்லி மசாலா மார்க்கெட்டில் கடோடியா என்று ஒரு பழைய கட்டடம். அதன் மொட்டை மாடி இன்று கேமராக்காரர்களின் கோயில். மேலேயிருந்து முற்றத்தைப் பார்த்தால், மூட்டை சுமப்பவர்கள் கோலத்தில் வைத்த புள்ளி மாதிரி அழகாக நகர்வார்கள். புள்ளிக்கு முகம் கிடையாது. மிளகாய் நெடியில் அவர்கள் இருமுவதும் படத்தில் வராது. ஆளை அகற்றுவது ஒரு வகை என்றால், ஆளை அலங்காரம் ஆக்குவது இன்னொரு வகை.

இது ரசனைச் சண்டை மட்டும் இல்லை. படத்தில் எது இடைஞ்சலாகத் தெரிகிறதோ, அதுதான் நாளைக்குத் திட்டத்திலும் இடைஞ்சல் ஆகும். சாந்தினி சௌக்கைச் சீரமைத்து 2021-ல் திறந்தார்கள். தலைக்கு மேல் தொங்கிய ஒயர் காடு போனது, பகலில் மோட்டார் வண்டி இல்லாமல் நடக்க முடிந்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டாடி வந்த படங்களில் சிவப்புக் கல்லும் விளக்குக் கம்பமும்தான் தெரிந்தன. தள்ளுவண்டிக்காரர் எங்கே போனார் என்று அந்தப் படங்களைப் பார்த்த யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. படத்தில் இருந்தால்தானே தோன்றும்?

அதனால் பழைய நகரத்துப் படம் எதைப் பார்த்தாலும் இப்போது ஒன்றைத் தேடுகிறேன்: இதில் யாராவது வேலை செய்கிறார்களா? அந்த வேலையின் பாரம் தெரிகிறதா?

கடோடியா மாடிக்கு நானும் போனேன் என்பதை மறைக்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு மூட்டை ஏறி வந்தது. அதன் அடியிலிருந்து ஒரு குரல் இந்தியில், ‘பாபுஜி, வழி விடுங்க. படம் எங்கேயும் போயிடாது.’

பதறி ஒதுங்கியதில் விரல் பட்டு க்ளிக் ஆகிவிட்டது. கோணல் படம், ஃபோகஸும் இல்லை. மூட்டையின் ஒரு மூலை, புடைத்த நரம்போடு ஒரு முழங்கை, அவ்வளவுதான் தெரிகிறது.

அந்த ட்ரிப்பில் எடுத்ததில் அழிக்காமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.